கோழிக்கு வேர்க்குமா, தெரியுமா?

சித்திரை வெயிலில் நமக்கு முதுகெல்லாம் நனைந்துவிடுகிறது. கோழிக்கு? ஒரு சொட்டுகூட வேர்க்காது! அதற்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, தெரியுமா? போதாக்குறைக்கு, சாதாரண நாளிலேயே அதன் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொடும். நமக்கு அப்படி ஏறினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்!

வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. அதிலும் ஒரு வம்பு. இரைக்க இரைக்கக் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடும். கோடையில் குடிதண்ணீரில் எலக்ட்ரோலைட் கலப்பது இதைச் சமாளிக்கத்தான். கூடவே வைட்டமின் சி. அதைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும், தெரியுமா? ஆனால் கடும் வெயிலில் சொந்தத் தயாரிப்பு பற்றாது!

இதைவிடப் பெரிய அதிசயம், பிராய்லருக்கு வெயில் மட்டும் எதிரி இல்லை. தீவனமும்தான்! ஆறு வாரத்துக்குள் 2 கிலோவைத் தாண்டிவிடும் பறவை அது. தின்றதைச் செரித்துச் சதையாக்கும் வேகத்தில் உள்ளிருந்தே சூடு கிளம்புகிறது. அது உச்சத்துக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். காலை 10 மணிக்கு வயிறு முட்டத் தின்ற கோழியை, பிற்பகலில் உள்சூடும் வெளிச்சூடும் சேர்ந்து தாக்கும். அதனால்தான் விவரமான பண்ணைக்காரர்கள் வெயில் ஏறுமுன்பே தீவனத் தட்டுகளை உயரத் தூக்கிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகே இறக்குகிறார்கள். தண்ணீர் மட்டும் நிற்காமல் கிடைக்க வேண்டும், அதுவும் குளுமையாக. பாட்டில் மருந்துகளுக்கு முன்னால் காசில்லாத இந்த வைத்தியத்துக்குத்தான் என் ஓட்டு.

பல்லடம் பக்கத்துக் கோழிக் கொட்டகைகள் கிழக்கு மேற்காக நீண்டிருப்பதும் சும்மா இல்லை. பக்கவாட்டில் வெயில் உள்ளே பாயாமல் இருக்கத்தான்! ஃபாகர் போட்டு நீர்த்துளி தூவலாமே என்பீர்கள். காற்று வறண்டிருந்தால் சரி. புழுக்கமான நாளில் தூவினால் ஈரப்பதம் இன்னும் ஏறி, மூச்சிரைப்பும் பலிக்காமல் போகும்!

மூன்று முதல் ஐந்து நாள் வயதுக் குஞ்சுகளை ஒரே ஒரு நாள் 36 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால், வளர்ந்தபின் வெயிலைத் தாங்கும் சக்தி கூடுகிறதாம். ஆராய்ச்சிகள் சொல்கின்றன!

இன்னொன்று. 2002இல் இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் அவிக்டோர் கஹானர் இறகே இல்லாத கோழியை உருவாக்கிக் காட்டினார்! சூடு தங்காது, இறகு பிடுங்கும் வேலையும் மிச்சம். ஆனால் வெயிலில் தோல் வெந்துபோகுமே, கொசு கடிக்குமே என்று எதிர்ப்பு கிளம்பியது. இயற்கையிலேயே கழுத்தில் இறகில்லாத கோழி கேரளத்தில் உண்டு. ஒரே ஒரு மரபணு செய்யும் வேலை அது. வெயில் தாங்கும் இனங்களை உருவாக்குகிறவர்களுக்கு அதன்மேல்தான் கண்!