பெயர் கேட்காத உறவு!

சனிக்கிழமை மாலை. ஓசூர் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இல்லை. சேலம் பஸ் வந்ததும் கூட்டம் முண்டியடித்து ஓடியது. நான் ஓடவில்லை. செல்போன் மூலம் ஒரு காரில் இடம் பிடித்து வைத்திருந்தேன்.

இப்போது இப்படி ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சொந்தக் காரில் ஊருக்குப் போகிறவர், காலி இடத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கிறார். பெட்ரோல் செலவை எல்லோரும் பகிர்ந்து கொள்கிறார்கள். இதற்கென்று பிரான்சு நாட்டில் 2006-ம் ஆண்டில் தொடங்கிய "பிளாபிளாகார்" நிறுவனம், 2015-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. பெயரே வேடிக்கை! "பிளா பிளா" என்றால் வளவளவென்று பேசுவது. கொஞ்சம் பேசும் பயணி "பிளா". ஓயாமல் பேசுகிறவர் "பிளா பிளா பிளா"!

ஆனால், நான் ஏறிய காரில் யாருமே பேசவில்லை.

கார்க்காரர் சேலத்துக்காரர். அவர் பக்கத்தில் நான். பின் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் வாலிபர். வயது 26 இருக்கும். மடியில் ஒரு இனிப்புப் பெட்டி. இன்னொருவர் பெரியவர். அறுபதைத் தாண்டியவர். கையில் ஆஸ்பத்திரி உறை. பெங்களூருக்குப் போய்விட்டுத் திரும்புகிறார் என்பது உறையைப் பார்த்ததுமே தெரிந்தது.

இருவரும் முன்பின் பார்த்தது இல்லை. ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சூளகிரி வரை மவுனம்

தொழிற்சாலைகள் பின்னால் நகர்ந்தன.

ஓசூர் ஒரு காலத்தில் சிறிய ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. கடைத்தெருவில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். பிழைக்க வந்தவர்கள் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஊர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கவலை வந்தால், சொல்லி அழ ஆள் கிடைப்பது அரிது.

சூளகிரி மலை தெரிந்தபோது, வாலிபரின் செல்போன் மணி அடித்தது.

"ஆமாப்பா... வேலை முடிஞ்சு இப்பத்தான் கிளம்பினேன். ராத்திரி வந்துடுவேன்" என்றார்.

பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக் கொண்டார். பெரியவர் அதைப் பார்த்து விட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தம்முடைய தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"குடி தம்பி."

அவ்வளவுதான். வாலிபர் கொட்டித் தீர்த்து விட்டார்.

"ஐயா, எனக்கு வேலையே இல்லை. காண்டிராக்ட் முடிஞ்சு நாற்பது நாள் ஆச்சு. அப்பாகிட்ட சொல்லலை. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காங்க. இந்த இனிப்புகூடக் கடன் வாங்கி வாங்கினது."

பெரியவர் "உம்" கொட்டினார். "கவலைப்படாதே" என்று சொல்லவில்லை. "நீ செய்தது தப்பு" என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே வந்தார்.

பெரியவரின் பொய்

கிருஷ்ணகிரி சுங்கச் சாவடி தாண்டியது. இப்போது பெரியவர் பேசினார்.

"என்கிட்டயும் ஒரு பொய் இருக்கு தம்பி. வீட்டுக்காரிக்குப் புற்றுநோய். சீக்கிரம் ஆபரேஷன் செய்யணும்னு டாக்டர் சொல்லி மூணு வாரம் ஆச்சு. வயித்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மகன் திருப்பூர்ல இருக்கான். அவனே கடன்ல தவிக்கிறான். அவன்கிட்ட எப்படிச் சொல்றது? இன்னைக்கும் டாக்டர் சத்தம் போட்டாரு, ஏன் தள்ளிப் போடறீங்கன்னு."

வாலிபர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, நான் உங்க மகனா இருந்தா, பின்னாடி தெரிய வரும்போது ஒண்ணுதான் கேட்பேன். 'என்னை ஏம்பா நம்பலை?'ன்னு."

காரில் சத்தமே இல்லை. காவேரிப்பட்டணம் அருகே தென்பெண்ணை ஆற்றைக் கடந்து கொண்டிருந்தோம்.

பெரியவர் தலை நிமிர்ந்தார். "உங்க அப்பாவும் அதையேதான் கேட்பாரு, தம்பி" என்றார்.

முன்பின் தெரியாதவரிடம் ஏன்?

இந்த இடத்தில் காரைக் கொஞ்சம் நிறுத்துவோம்.

பெற்ற தகப்பனிடம் நாற்பது நாள் மறைத்ததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் நாற்பது நிமிடத்தில் எப்படிச் சொல்ல முடிந்தது?

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சிம்மல் 1908-ம் ஆண்டிலேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட மனிதர்கள் அன்னியரிடம் மனம் விட்டுச் சொல்லி விடுகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. காரணம் எளிது. அன்னியர் நம் வீட்டில் சாப்பிட வர மாட்டார். உறவினரிடம் கதை பரப்ப மாட்டார். நம்மை நம்பிக் கடன் கொடுத்தவரும் அல்ல. எனவே, அவர் முன்னால் வெட்கம் குறைகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால் தொல்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ரெயிலிலும் பஸ்சிலும் போகிறவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. பேசாமல் போவதுதான் சுகம் என்று பயணிகள் எண்ணினார்கள். உண்மையில், அறிமுகம் இல்லாதவரிடம் பேசியபடி போனவர்களே அதிக மகிழ்ச்சியோடு இறங்கினார்கள்!

2003-ம் ஆண்டு பொங்கலுக்கு வந்த "அன்பே சிவம்" படம் நினைவு இருக்கிறதா? குணத்தில் எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரை ஒரு நீண்ட பயணம்தானே அண்ணன் தம்பி ஆக்கியது!

கேட்கும் காதே மருந்து

லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் இருந்தார். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு ஆறுதல் சொல்ல, 1953-ம் ஆண்டு ஒரு டெலிபோன் சேவையைத் தொடங்கினார். அவரைப் பார்க்கப் பலர் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு அதிசயத்தைப் பாதிரியார் கவனித்தார். தொண்டர்களிடம் பேசியவர்களில் பலருக்கு, தம்மைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று! மறு ஆண்டே அந்தப் பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அதுதான் இன்று புகழ்பெற்ற "சமாரிட்டன்ஸ்" அமைப்பு. சென்னையில் 1986-ல் தொடங்கிய "சினேகா"வும் இதே பணியைச் செய்கிறது.

தொண்டர்கள் என்ன செய்தார்கள்? பெரியவர் காரில் செய்ததைத்தான்! குறுக்கே பேசவில்லை. குற்றம் சொல்லவில்லை. "எனக்கு வந்ததைப் பார்த்தால் உனக்கு வந்தது ஒன்றுமே இல்லை" என்று தட்டிக் கழிக்கவில்லை.

நாமும் இதைச் செய்யலாம். செலவு இல்லை. படிப்பும் தேவை இல்லை.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. அன்னியரிடம் சொல்வது பாதி வழிதான். மீதி வழி வீட்டுக்குப் போக வேண்டும். அன்னியர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வர மாட்டார். தங்கையின் கல்யாணச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிக்க மாட்டார். அதற்கு வீடுதான் வேண்டும். வீட்டாரிடம் சொல்வதற்குத் துணிவைத் தருவதோடு அன்னியரின் வேலை முடிகிறது.

பக்கத்துச் சீட்டில் ஆள் கிடைக்காதவர்கள், டெலிபோனில் 14416 என்ற எண்ணைச் சுழற்றலாம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. "டெலி மானஸ்" என்று பெயர். தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. மறு முனையில் இருப்பவர் உங்கள் கதையைக் கேட்பார்.

தருமபுரியில் இறங்கினார்

மீண்டும் காருக்கு வருவோம்.

தருமபுரியில் பெரியவர் இறங்கினார். வாலிபரும் இறங்கி, அவருடைய பையை எடுத்துக் கொடுத்தார்.

"ராத்திரியே மகனைக் கூப்பிடறேன் தம்பி" என்றார் பெரியவர்.

"கூப்பிடுங்க ஐயா."

ஒருவர் பெயரை ஒருவர் கேட்கவில்லை. செல்போன் எண்ணும் வாங்கவில்லை. பெரியவர் அந்த உறையை மார்போடு அணைத்தபடி நடந்து போனார்.

தொப்பூர் கணவாய். லாரிகள் ஊர்ந்து இறங்கின. எங்கள் காரும் மெதுவாக இறங்கியது. வாலிபர் செல்போனைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"அப்பா... உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

சொல்லி விட்டார். நாற்பது நாள் கதையையும் சொல்லி விட்டார். பிறகு "சரிப்பா... சரிப்பா..." என்று மட்டும் கேட்டது.

சேலம் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்து, "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

வாலிபர் இனிப்புப் பெட்டியைத் தடவியபடி சிரித்தார். ஓசூரில் ஏறியதிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

"வேலையைப் பத்தி ஒண்ணுமே கேக்கலை, சார். 'சாப்பிட்டியா?'ன்னு கேட்டாரு."