காசநோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? ஒரு புள்ளியியலாளரின் கணக்கு

காசநோய் என்று அறிந்தவுடன் குடும்பத்தார் முதலில் கேட்பது மருந்தைப் பற்றியன்று. "இவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? சிறு பிள்ளைகள் இருக்கிறார்களே" என்பதே அக்கேள்வி. பென்னாகரம், அரூர்ப் பகுதிகளிலிருந்து வருவோரில் பலருக்கு வீடே ஓர் அறைதான். பெங்களூரில் கட்டட வேலை பார்த்து இருமலோடு திரும்பியவரை எங்கே தனியே படுக்க வைப்பது?

வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் கூறுகிறோம். அவ்வாறு கூறும் துணிவை எங்களுக்குத் தந்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குவது அதுவே. காசநோயாளியைச் சானடோரியத்தில் ஓராண்டாவது ஓய்வாகப் படுக்க வைக்க வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகளோ மிகக் குறைவு.

193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறையே முடிவு செய்தது. சிலருக்கு இது இரக்கமற்றதாகத் தோன்றும். ஆனால் தேர்வை எங்களிடம் விட்டிருந்தால், மிகவும் நலிந்தவரையே சானடோரியத்துக்கு அனுப்பியிருப்போம். அங்கே இறப்பு கூடியிருக்கும். பழி இடத்தின்மீது விழுந்திருக்கும். இத்தகைய பிழை நேராமல் காப்பதே மருத்துவப் புள்ளியியலாளரின் வேலை.

அம்மையத்தின் புள்ளியியலாளர்களுள் ஒருவர் எஸ். ராதாகிருஷ்ணா. ஐந்தாண்டு முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேரிடம் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் கிடைத்த நல்ல உணவும் ஓய்வும் வீட்டிலிருந்தோருக்குக் கிட்டவில்லை. பலர் வேலைக்கும் சென்றனர். அப்படியிருந்தும் மருந்து தன் வேலையைச் செய்தது. (இதைப் படித்துவிட்டு உணவைக் குறைத்துவிடாதீர்கள். சத்துணவு கொடுத்தால் நோயாளியின் குடும்பத்தாருக்கு நோய் வருவது குறைகிறது என 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு காட்டியுள்ளது.)

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு விடை, ராதாகிருஷ்ணாவும் சேர்ந்து எழுதிய 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் சென்றவரின் குடும்பத்தாரைவிட நோய் மிகுதியாக வரவில்லை. தொற்றும் ஆபத்து மிகுதியாக இருப்பது, நோய் இன்னதென்று அறியாமல் இருமிக்கொண்டிருக்கும் மாதங்களில்தான். மருந்து தொடங்கியபின் அது விரைவாகக் குறைகிறது.

பின்னாளில் அவர் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார். ஆயினும் இக்கேள்வியை அவர் விடவில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்த தகவல்களைக் கொண்டு, வீட்டில் ஒரு நோயாளி இருந்தால் மற்றவருக்கு வரும் கூடுதல் ஆபத்தை அளந்து, சக ஆய்வாளர்களுடன் 2007இல் வெளியிட்டார். ஆபத்து உண்மையிலேயே கூடுதல்தான். முன்னதற்கு இது முரணன்று. நோயாளியை வெளியே அனுப்புவதால், முன்பே உடலில் புகுந்த கிருமி போய்விடாது.

ஆகவே நோயாளியைத் தள்ளி வைப்பதைவிட, வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வருவதே பயன் தரும். குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. தொடக்க வாரங்களில் நோயாளி வாயை மூடி இருமட்டும், சன்னல்கள் திறந்திருக்கட்டும். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் எனில், உங்கள் மருத்துவரின் தனி அறிவுரைப்படி நடவுங்கள்.

மருந்து அட்டையில், தவறிய நாளைத் தவறியதாகவே குறியுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். எத்தனை நாள் விடுபட்டது என்று தெரிந்தால்தான், அதே மருந்தைத் தொடர்வதா, சளியை மீண்டும் பரிசோதிப்பதா என எங்களால் முடிவு செய்ய இயலும்.