கல் தேடி வந்தவர்

விடியப்போகிற நேரம். கண்டிச் சீமையில் ஒரு விகாரை, கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே புத்தர் சிலை முடிந்து நிற்கிறது, கண் மட்டும் எழுதவில்லை. சித்திரக்காரர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஒரு கண்ணாடி. அதில் தெரியும் முகத்தைப் பார்த்தபடியே தூரிகையைப் பின்னால் நீட்டிக் கருவிழியை எழுதுகிறார். நேருக்கு நேர் பார்த்துவிடக் கூடாது! வேலை முடிந்ததும் அவர் கண்ணையே துணியால் கட்டி வெளியே கூட்டிவருவார்கள். கட்டை அவிழ்த்ததும் முதல் பார்வை விழும் பொருளை அவர் வாளால் ஒரு வெட்டு வெட்ட வேண்டும். அந்தப் பார்வைக்கு அவ்வளவு வீரியமாம்.

சிங்களத்தில் இதற்கு நேத்ர மங்கல்ய என்று பெயர். நம் ஸ்தபதிகள் செய்யும் கண் திறப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வையுங்களேன். சாத்திய கதவுக்குள் நடக்கும் இந்தச் சடங்கை விலாவாரியாக எழுதிவைத்தவர் யார் தெரியுமா? நம்முடைய ஆனந்த குமாரசுவாமி! அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ கல் தேடுவதற்கு.

1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வை நடத்த வந்தபோது அவருக்கு வயது 25. வேலையில் குறை வைக்கவில்லை. தோரியனைட்டு என்ற புதுக் கனிமத்தையே கண்டுபிடித்தார். ஆனால் பாறையைத் தட்டிப் பார்க்க ஊர் ஊராகப் போனவரின் கண் பாறையில் மட்டும் நிற்குமா? பக்கத்தில் உளிச் சத்தம், தறிச் சத்தம். கூடவே மனைவி எதெல், கையில் படப்பெட்டியோடு.

அவர்களைச் சொக்கவைத்தது என்ன என்று நாமும் எட்டிப் பார்க்கலாம், வாருங்கள். மாத்தளைப் பக்கம் ஹப்புவித. அங்கே அரக்கைத் தணலில் வாட்டி, நூலாக இழுத்து, மரத்தில் ஒட்டிப் பூவும் கொடியும் போடுகிறார்கள். நூலை நறுக்குவது எதனால்? கத்தியா? இல்லை, பெருவிரல் நகத்தால்! வேலைக்குப் பெயரே நகவேலைதான். கண்டிக்குக் கிழக்கே ஹேனாவலையில் ஒருவகைக் கற்றாழை நாரைச் சாயம் தோய்த்துத் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். யானையும் மானும் கட்டம் கட்டமாக நடக்கும். எம்பக்கே தேவாலயத்தில் மேளக்காரர் மண்டபத்துத் தூண்களில் மல்லர்களும் அன்னங்களும் ஆடுமகளிரும். சாமி யார் என்கிறீர்கள்? நம் கதிர்காமக் கந்தன்.

இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு. பாய் நெய்தவர்களைச் சாதி அடுக்கின் அடியிலே வைத்த சமூகம் அது. அந்தப் பழைய ஒழுங்கைக் குமாரசுவாமி கொஞ்சம் அதிகமாகவே காதலித்தார் என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் காதல் இல்லாவிட்டால் இவ்வளவு கைகளைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள்?

காதல் வீட்டிலிருந்தே வந்ததோ என்னவோ. அப்பா சேர் முத்து குமாரசுவாமி அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863இல் லண்டனில் அச்சிட்டவர். 1874இல் பாளி மொழியிலிருந்து தாதாவம்சத்தை மொழிபெயர்த்தார். கலிங்கத்து இளவரசி ஹேமமாலா கூந்தலுக்குள் ஒளித்துப் புத்தரின் புனிதப் பல்லை இலங்கைக்குக் கொண்டுவந்த கதை! கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் யானை சுமக்கும் பேழைக்குப் பின்னால் இருக்கும் கதையை ஆங்கில வாசகருக்குச் சொன்னவர் ஒரு சைவத் தமிழர். 1879இல் அவர் இறந்தபோது மகனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்த பிள்ளை, அப்பா எழுத்தில் தொட்ட கண்டிக்கே கல் தேடி வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஆனந்த குமாரசுவாமி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கோயில்களும் கட்டடங்களும் பாழாகின்றன, காப்பாற்றுங்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு பேராதனைப் பூங்காவில் றப்பர் கண்காட்சி. அங்கே வைத்த கைவினைப் பொருட்களுக்குக் கையேடு எழுதியதும் நம்மாள்தான்!

அப்புறம்தான் பெரிய கூத்து. இங்கிலாந்தில் புரோட் கேம்ப்டன் என்ற ஊரில், பழைய தேவாலயம் ஒன்றை வீடாக்கி, அங்கேயே அச்சுப்பொறியை நிறுத்தினார். சும்மா பொறியல்ல, கைவினைக்காக வாழ்ந்த வில்லியம் மொரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் ஓடியது. 1907 செப்டெம்பரில் தொடங்கிய வேலை முடிய 1908 டிசம்பர் ஆயிற்று. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அந்தப் பெருநூல் மொத்தம் 425 பிரதிகள். படங்களில் பல எதெல் எடுத்தவை. அவரை வெறும் துணைவி என்று எண்ணிவிடாதீர்கள். பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முன்னணி நெசவுக் கலைஞரானார். 1937இல் அந்நாட்டின் அரச வடிவமைப்பாளர் பட்டத்தைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

தொடக்கத்தில் பார்த்தோமே, அந்தக் கண்ணாடிக் காட்சி 2000இல் மைக்கேல் ஒண்டாச்சியின் நாவல் ஒன்றிலும் நுழைந்துவிட்டது. அதில் சிலைக்குக் கண் எழுதுகிறவரின் பெயர் ஆனந்த.

அடுத்தமுறை கண்டிக்குப் போனால் எம்பக்கேக்கு ஒரு நடை போய்வாருங்கள். தூண்களைப் பார்த்து முடித்ததும் மண்டபக் கூரையின் கோடியை அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அத்தனையையும் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு மர ஆணி.