செருப்புச் சத்தம்

"தாத்தா, நீங்க தெருமுனையில வரும்போதே தெரிஞ்சுடும். செருப்பு தேயுற சத்தம் கேக்கும்" என்றான் பேரன். எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா கோயிலிலிருந்து திரும்புவதை நாங்கள் மோப்பம் பிடித்ததும் அதே 'சரக் சரக்'கை வைத்துத்தான். உடனே ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

எனக்கு 68 வயது. தினமும் விடியற்காலையில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறவன். காலில் குறை இருந்தால் அது முட்டியில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் நடைக்கூட்டத்தில் முட்டியைத் திட்டாத ஆள் கிடையாது.

தங்கை மகள் பிசியோதெரபிஸ்ட். கூடத்தில் நாலு முறை என்னை நடக்கவிட்டுப் பார்த்தாள். "முட்டியை விடுங்க மாமா. உங்க கெண்டைக்கால்தான் வேலைக்கு வரல" என்றாள்.

நடை என்பது காலை முன்னால் எடுத்து வைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். பின்னால் இருக்கும் கால் செய்வதை யாரும் கவனிப்பதில்லை. குதிகால் எழும்பி, கெண்டைக்கால் சதை இறுகி, பெருவிரல் தரையை உந்தும். அந்த உந்தல்தான் உடம்பை முன்னே அனுப்புகிறது. வயதாக ஆக அது வலுவிழக்கிறது. எட்டு குறுகுகிறது, பாதம் சரியாக எழும்புவதில்லை, செருப்பு தேய்கிறது.

அந்த வேலையை இடுப்பு எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் டிவிட்டா, ஹோர்டோபாகி என்ற இருவர் சராசரியாக 21 வயதுக்காரர்களையும் 69 வயதுக்காரர்களையும் ஒரே வேகத்தில் நடக்கவைத்து அளந்து, 2000-ல் வெளியிட்டார்கள். முதியவர்களின் கணுக்கால் செய்த வேலை 29 சதவீதம் குறைவு, முட்டியிலும் குறைவுதான். இடுப்பு செய்ததோ 279 சதவீதம் அதிகம். அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். நாள் முழுக்க நடந்தால் எனக்கு இடுப்பு ஏன் கடுக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் சொன்னாள். தசையில் சட்டென்று சுருங்கும் இழைகள் உண்டு, நிதானமாக வேலை செய்யும் இழைகளும் உண்டு. வயதில் அதிகம் மெலிவது சட்டென்று சுருங்குபவை. கல் தடுக்கினால் அடுத்த காலை நொடியில் முன்னே வைத்துத் தாங்கிக்கொள்ள அவைதான் வேண்டும். குளத்தை நிதானமாகச் சுற்றுவதில் அவற்றுக்கு வேலையே இல்லை. இத்தனை வருட நடைப் பெருமை அதோடு போயிற்று.

"கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலேருந்து அஞ்சு தடவை எழுந்து உக்காருங்க, வேகமா." எனக்கு 16 வினாடி ஆயிற்று. 12-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம். ஆசிய மருத்துவ வல்லுநர்கள் 2019-ல் வைத்த அளவு அது. ஒரு காலத்தில் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, கை ஊன்றாமல் எழுந்தவன் நான். சாப்பாடு மேஜைக்குப் போனது, கழிப்பறை வெஸ்டர்ன் ஆனது. தொடைக்கு இருந்த அன்றாட வேலையை நாங்களே பிடுங்கிக்கொண்டோம் என்பது என் கட்சி. "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றாள், என் மனம் நோகாமல்.

இனி என்ன செய்து என்ன என்று கேட்டேன். பாஸ்டனில் முதியோர் காப்பகத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் தொடைக்குப் பாரம் கொடுத்துப் பயிற்சி அளித்த கதையைச் சொன்னாள். 1990-ல் வெளியான ஆய்வு. தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டார்கள். தொண்ணூறு வயதில்! அதற்கு மேல் எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

இப்போது காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். பத்தாவது முறையில் கெண்டைக்கால் எரியும். மாலையில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முட்டி வலி அதிகம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

மூன்று மாதத்தில் 16 வினாடி 13 ஆகியிருக்கிறது. காலையில் செருப்பு அவ்வளவாகத் தேய்வதில்லை. கடைத்தெருவுக்குப் போய்க் களைத்துத் திரும்பும் மாலையில் மட்டும் பழைய 'சரக் சரக்' வந்துவிடுகிறது. பேரன் கைபேசியை ஒளித்து வைக்க அது போதும்.