‘ஷீ’யா, ‘ஹர்’ரா? விடை நம் தாய்மொழியிலேயே இருக்கிறது

ஈப்போ: “ஐ கால்ட் ஷீ” என்று எழுதிய பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுகிறது. ஏன் தவறு என்பது பிள்ளைக்குப் புரிவதில்லை. ஆனால், அதே பிள்ளை தமிழில் “நான் அவள் கூப்பிட்டேன்” என்று ஒரு நாளும் சொல்லாது. “அவளைக் கூப்பிட்டேன்” என்றுதான் சொல்லும். ஈப்போ பட்டணத்துப் பிள்ளையானாலும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளையானாலும், விதி வாயிலேயே இருக்கிறது.

செயலைச் செய்பவர் எழுவாய். அச்செயலுக்கு உட்படுபவர் செயப்படுபொருள். இந்த மாற்றத்தைத் தொல்காப்பியம் இரண்டாம் வேற்றுமை என்கிறது. நான் ‘என்னை’ ஆவதுபோல், ஆங்கில ‘ஐ’ ‘மீ’ ஆகிறது. ஹீ ‘ஹிம்’ ஆகும். ஷீ ‘ஹர்’ ஆகும். வீ ‘அஸ்’ ஆகும். தே ‘தெம்’ ஆகும். யூ, இட் இரண்டும் மாறுவதில்லை.

பிறகு ஏன் குழப்பம்? தேசிய மொழியில் இந்த மாற்றம் இல்லை என்பது ஒரு காரணம். “சாயா கெனால் டியா”, “டியா கெனால் சாயா” இரண்டிலும் சொல் இடம் மாறுகிறதே தவிர, உருவம் மாறவில்லை. மலாயில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஷீ’ அப்படியே நின்றுவிடும்.

தமிழ்வழி யோசிப்பதிலும் ஓர் இடத்தில் கவனம் தேவை. “எனக்குக் கொடு” என்பது “கிவ் மீ”. ஆனால் “எனக்குத் தெரியும்” என்பது “ஐ நோ”. “எனக்குப் பசிக்கிறது” என்பது “ஐ எம் ஹங்ரி”. தெரிவது, பசிப்பது, பிடிப்பது போன்றவற்றில் நம் ‘எனக்கு’ பெரும்பாலும் ஆங்கிலத்தில் ‘ஐ’யாக மாறிவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒருவரை நீக்கிப் பாருங்கள். “மை மதர் அண்ட் மீ வென்ட் டு ஈப்போ” என்பதில் அம்மாவை எடுத்தால் “மீ வென்ட்” என்று இடிக்கும். ஆகவே தேர்வுத் தாளில் “மை மதர் அண்ட் ஐ” என்று எழுதுவதே சரி. “டீச்சர் கால்ட் மை மதர் அண்ட் மீ” என்பதில் அம்மாவை எடுத்தாலும் “கால்ட் மீ” சரியாகவே நிற்கும்.

பால்மரம் வெட்டிய கையோடு பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர் பலர், “எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். பிள்ளை எழுதிய வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “யார் கூப்பிட்டது? யாரைக் கூப்பிட்டது?” என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விக்கு ஆங்கிலம் தேவையில்லை.