பட்டம் உண்டு, நாற்காலி இல்லை: லேடி ரோண்டா வழக்கில் நடந்தது என்ன?

'டவுன்டன் ஆபி' சீரியல் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். பிரபுவுக்கு மூன்று மகள்கள். ஆனால் பட்டமும் பங்களாவும் யாரோ ஒரு தூரத்து உறவுக்காரப் பையனுக்குப் போகிறது. கதைக்காகச் செய்த ட்விஸ்ட் இல்லை இது. பிரிட்டனின் பெரும்பாலான பரம்பரைப் பட்டங்களுக்கு இன்றைக்கும் இதுதான் விதி.

பட்டம் தரும்போதே, அது ஆண் வாரிசுகளுக்கு மட்டும் என்று அரச சாசனத்தில் எழுதிவிடுவார்கள். மூத்தது பெண் என்றால் தம்பிக்குப் போகும். தம்பி இல்லையா? சித்தப்பாவுக்கு, அவர் மகனுக்கு. அந்த வரிசையில் ஆணே இல்லையென்றால் பட்டம் அத்தோடு காலி.

விதிவிலக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் சில பழைய பட்டங்கள் மகளுக்கும் போகும். இங்கிலாந்தின் மிகப் பழைய பாரன் பட்டங்கள் சிலவும் அப்படித்தான். ஆனால் அதிலும் ஒரு கூத்து: இரண்டு மகள்கள் இருந்தால் இருவருக்கும் சம உரிமை, அதனால் இருவருக்கும் கிடைக்காது! ஒருவர் வழி மட்டும் மிஞ்சும் வரையோ, மன்னர் முடிவு செய்யும் வரையோ பட்டம் தொங்கலில் கிடக்கும்.

இன்னொரு வழி, சாசனத்திலேயே மகளின் பெயருக்கு இடம் வாங்கி வைப்பது. வேல்ஸ் நிலக்கரி அதிபர் டி.ஏ.தாமஸ் அதைத்தான் செய்தார். அவருக்கு ஒரே மகள், மார்கரெட்.

மார்கரெட் சாதாரண ஆள் இல்லை. பெண்களுக்கு ஓட்டு கேட்டு 1913-ல் தபால் பெட்டிக்குத் தீ வைத்து ஜெயிலுக்குப் போனவர். அங்கே உண்ணாவிரதம் இருந்து வெளியே வந்தார். 1915-ல் லூசிடேனியா கப்பல் மூழ்கியபோது கடலில் மிதந்து உயிர் பிழைத்தார். 1918-ல் அப்பா இறந்ததும் ரோண்டா விஸ்கவுன்ட் பட்டம் அவருக்கு வந்தது.

பட்டம் வந்தால் பிரபுக்கள் சபையில் இடமும் வர வேண்டுமே? 1919-ல் வந்த சட்டம், பெண் என்பதற்காக யாரையும் பொதுப் பணியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றது. அதை வைத்துத்தான் அவர் மனு போட்டார். 1922 மார்ச்சில் சபையின் குழு ஒப்புக்கொண்டது. ஆனால் சட்ட அமைச்சர் பர்கன்ஹெட் பிரபு விடவில்லை. விஷயம் பெரிய குழுவுக்குப் போனது. தடையை நீக்குவது வேறு, முன்பு இல்லாத உரிமையைக் கொடுப்பது வேறு என்று வாதம் வந்தது. மே மாதம் 22-க்கு 4 என்று மனு தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்திலேயே இருந்த மக்கள் சபைக்குள் அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். 1918 டிசம்பரில் முதலில் ஜெயித்தவர், அயர்லாந்தின் ஸ்லைகோவில் லிஸ்ஸடெல் பங்களாவில் வளர்ந்த கான்ஸ்டன்ஸ் மார்கியெவிச். அப்போது அவர் லண்டனில் ஹாலோவே சிறையில் இருந்தார். ஷின் ஃபெயின் கட்சிக்காரர் என்பதால், பிரிட்டிஷ் சபையில் உட்காரவே மறுத்தார். அடுத்த ஆண்டு வந்து உட்கார்ந்தவர் நான்சி ஆஸ்டர். அவருக்குத் தொகுதி காலியானது எப்படி? கணவருக்குப் பரம்பரைப் பட்டம் வந்து, அவர் பிரபுக்கள் சபைக்குப் போய்விட்டார்.

லேடி ரோண்டா 'டைம் அண்ட் டைட்' என்ற தன் வார இதழை நடத்திக்கொண்டே காத்திருந்தார். 1958 ஏப்ரலில் ஆயுட்கால உறுப்பினர் சட்டம் வந்து, பெண்களுக்கும் கதவு திறந்தது. ஜூலை 20-ல் அவர் இறந்தார். நான்கே நாளில் முதல் பெண் உறுப்பினர்களின் பெயர்கள் வெளியாயின. அக்டோபரில் போய் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஸ்டெல்லா ஐசக்ஸ், இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் மனைவி. ரோண்டாவைப் போலப் பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்களுக்கோ 1963 வரை அனுமதி இல்லை. அவருக்குக் குழந்தைகள் இல்லாததால் ரோண்டா பட்டமும் அவரோடு முடிந்தது.

இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுன்ட்பேட்டனுக்கும் மகன் இல்லை, இரண்டு மகள்கள்தான். அவர் பட்டத்திலும் மகளுக்கான விசேஷ ஷரத்து இருந்தது. 1979-ல் ஸ்லைகோ கடற்கரையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுக்கு அவர் பலியானார். அதே படகில் படுகாயமடைந்த மூத்த மகள் பட்ரீசியாவுக்குப் பட்டம் வந்தது.

அரச குடும்பம் மட்டும் 2013-ல் விதியை மாற்றிக்கொண்டது. அதனால்தான் இளவரசி சார்லட்டைத் தாண்டித் தம்பி லூயி போக முடியாது. பிரபுப் பட்டங்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. ஒரு ஏர்ல் வீட்டில் அக்கா இருக்க, இன்றும் வாரிசு தம்பிதான்.