பட்டம் வாங்கிய பிறகு என்ன படிப்பு?

ஓ.எல். பாஸ் என்றால் நம் தோட்டத்தில் லயம் முழுக்கத் தெரியும். ஏ.எல். எழுதி கெம்பஸ் கிடைத்தால் கோயிலில் மாலை போடுவார்கள், பிரட்டுக்களத்திலும் அன்றைக்கு அதே பேச்சுதான். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிடும். அதோடு படிப்பு முடிந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகும் பிள்ளை "படிக்கிறேன்" என்றால்தான் சங்கடம். "பட்டம்தான் வாங்கியாச்சே ஐயா, இன்னும் என்னா படிப்பு? ஏதும் பெயிலா?" என்று மெதுவாக வந்து கேட்கிற தாய் தகப்பன் உண்டு. பெயில் இல்லை. அது என்ன படிப்பு என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டு உயர்கல்வி அமைச்சு நம் நாட்டுப் படிப்புகளை 12 படிகளாக வகுத்தது. ஓ.எல். முதலாவது, ஏ.எல். இரண்டாவது. மூன்று வருடப் பொதுப் பட்டம் ஐந்தாவது, நாலு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாவது. ஆக, நாம் மாலை போடுகிற இடம் ஏணியில் பாதிதான். அதற்கு மேலே பட்டப்பின் சான்றிதழும் டிப்ளோமாவும் 7, 8. எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்கிற முதுமாணி 9, 10. எம்.பில். 11. கலாநிதி 12. வகுப்புக்குப் போய்ப் படிக்கிற முதுமாணி ஒரு வருடம், ஆய்வும் சேர்ந்தது இரண்டு வருடம். முழுநேரமாகச் செய்தால் எம்.பில். 2 வருடம், கலாநிதி 3 வருடம் என்று கணக்கு. வேலை பார்த்துக்கொண்டு செய்கிறவர்களுக்கு இன்னும் இழுக்கும். கலாநிதி முடித்தவரையும் 'டொக்டர்' என்பார்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு அவரிடம் போகக்கூடாது!

முதுமாணி வகுப்பு கிட்டத்தட்ட கெம்பஸ் மாதிரிதான். பரீட்சை உண்டு, பெறுபேறு வரும். வீட்டாருக்கு விளங்காமல் போவது ஆய்வுப் படிப்பு. அதில் வகுப்பு குறைவு. வருட முடிவில் வீட்டில் காட்ட ஒரு துண்டுக் கடதாசி வராது. ஆனால் படிகள் இருக்கு. எதை ஆராயப்போகிறேன் என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஆய்வு முன்மொழிவு. மேற்பார்வை செய்ய ஒரு பேராசிரியரோ மூத்த விரிவுரையாளரோ சம்மதிக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஏற்றால் பதிவு. பிறகு தவணைக்குத் தவணை முன்னேற்ற அறிக்கை. இந்தக் காலம்தான் நீளம். தவறணையிலிருந்து கன்றைக் கொண்டுபோய் மலையில் வைத்த மறுநாளே கூடையோடு யாரும் போவதில்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையை மட்டும் "சும்மாதானே இருக்க" என்று கடைக்கு அனுப்பிவிடுகிறோம்.

எழுதி முடித்ததை ஆய்வேடு என்று கையளிப்பார்கள். பரீட்சகர்கள் அதைப் படிக்கவே மாதக் கணக்காகும். அப்புறம் நேரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதுதான் வாய்மொழிப் பரீட்சை. அது முடிந்து "திருத்தம் கொடுத்திருக்காங்க" என்று பிள்ளை சொன்னால் பயப்படாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது திருத்தம் வரும். அதைச் செய்து கொடுத்து, மூதவை அங்கீகரித்தால் பட்டம்.

இந்த வருடங்களில் வீட்டிலும் காரியங்கள் நிற்காது. தங்கச்சி கலியாணம் வரும். அம்மாவுக்கு மலை ஏற முடியாமல் போகும். கெம்பஸில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை, 1981இல் தொடங்கிய மகாபொல உதவிப்பணமும் பலருக்குக் கிடைக்கிறது. மேற்படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டும். மூத்த பையன் சம்பாதித்துத் தருவான் என்று காத்திருக்கிற வீட்டில் இது பெரிய பாரம், அதை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதனால் பதிவு செய்வதற்கு முன்னமே கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை, உதவிப்பணம் உண்டா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். சிலருக்கு இது ஆசைப் படிப்பும் இல்லை. தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் கிடைத்தவர், குறித்த காலத்துக்குள் மேற்பட்டம் முடித்தால்தான் அந்த வேலை உறுதியாகும்.

பெண் பிள்ளை என்றால் மாப்பிள்ளைப் பேச்சு முன்னுக்கு வந்துவிடுகிறது. கலியாணம் செய்தால் படிக்கக்கூடாது என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் சட்டமில்லை. ஆனால் ஆய்வேடு கையளிக்கிற கடைசி மாதங்களில் முகூர்த்தம் வைத்தால் இரண்டும் கெடும். நாள் பார்க்கிறபோது பஞ்சாங்கத்தோடு அவளுடைய தவணைத் திகதியையும் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் இத்தனையாவது படியில் நிற்கிறாள், இவ்வளவு காலம் மிச்சம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளைப்பேறு, சுகவீனம், வீட்டில் சாவு என்று வந்தால் படிப்பைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடாது, பதிவு ரத்தாகலாம். காரணத்தை எழுதிக் கொடுத்தால் காலத்தை ஒத்திவைக்கப் பெரும்பாலும் வழி உண்டு. வைத்தியச் சான்றிதழையோ மரணச் சான்றிதழையோ பிரதி எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்; அனுப்பிய கடிதத்தின் பிரதி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இன்னொன்று. பட்டமளிப்பு விழா வர மாதங்கள் ஆகலாம். அதுவரை வேலைக்கு விண்ணப்பிக்க முடியாதே என்று பிள்ளை இருக்கத் தேவையில்லை. மூதவை அங்கீகரித்த பிறகு பட்டம் உறுதி என்று பதிவாளர் அலுவலகத்தில் கடிதம் கேட்டு வாங்கி, அதை விண்ணப்பத்தோடு சேர்க்கலாம்.